டல்லாவில் கிடைத்த பெயரில்லாத வைஸ்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? முட்டி வலி எப்படி இருக்கிறது, திருச்சி வெயில் தணிந்ததா என்றெல்லாம் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் போன கடிதத்தில் நீ எழுதிய கடைசி வரி மனசை விட்டுப் போகவே இல்லை. நான் அனுப்பிய பழைய வைஸின், அதாவது பட்டறையில் இரும்பை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கிற அந்தச் சாமானின், போட்டோவைப் பார்த்த கையோடு "அது ரெக்கார்டுதான், சந்தேகமே வேண்டாம், நீலப் பெயிண்ட் அடித்து வை" என்று எழுதிவிட்டாய். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் சொன்னால் சாதாரணமாக நான் மறுபேச்சு பேச மாட்டேன். ஆனால் இது ரெக்கார்ட் கம்பெனி வைஸ் இல்லை. ஏன் இல்லை என்று எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

இங்கே எல்லோரும் சுகம். ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. சின்னவன் லேத் பட்டறையை ஜெனரேட்டரில்தான் ஓட்டுகிறான், டீசல் விலைக்குப் பாதி நாள் மூடி வைத்தால்தான் கட்டுப்படியாகிறது. அந்த ஓய்வு நேரத்தில்தான் இந்த வைஸை எடுத்துக்கொண்டேன்.

வாங்கியது ஆற்றுக்கு அந்தப் பக்கம், டல்லாவில், ஒரு பழைய இரும்புக் கடையில். "டாக்யார்டு சாமான், வெள்ளைக்காரன் காலத்தது" என்றார் கடைக்காரர். டல்லாவில் விற்கிற துருப்பிடித்த இரும்பையெல்லாம் அப்படித்தான் சொல்லி விற்பார்கள், உனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி 1865-ல் தொடங்கியது, அதன் கப்பல் பட்டறை டல்லாவில்தான் இருந்தது, என் தாத்தா அங்கே ஃபிட்டர். 1942-ல் ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாது என்று கம்பெனிக்காரர்களே தங்கள் கப்பல்களை ஆற்றில் மூழ்கடித்த கதையை வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தாத்தா கை பட்ட சாமானாக இருக்குமோ என்று யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் ஆசைப்பட்டுவிட்டோம் என்பதற்காக இரும்புக்கு ஊர் பெயர் வைத்துவிட முடியாதே.

முதலில் ரெக்கார்ட் விஷயம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்து நீலப் பெயிண்ட் அடித்து வந்த அந்த வைஸ்களில் பெயரும் நம்பரும் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். பெயிண்ட் போனாலும் எழுத்து போகாது, அதை எடுக்க வேண்டுமென்றால் கிரைண்டரால்தான் தேய்க்க வேண்டும், தேய்த்த இடம் காட்டிக் கொடுத்துவிடும். இதன் இரண்டு பக்கமும் மணல் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. நீலத்தை வைத்துச் சொல்கிறாயே, ஒரு பட்டறையில் மிச்சமிருக்கிற பெயிண்டை எது கிடைத்தாலும் அதன் மேல் பூசுகிற பழக்கம் உனக்குத் தெரியாததா? நான் பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன். நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே ஒரு கறுப்பு. நீலம் கடைசியாக ஏறியது.

உள்பக்கம் ஒரு சின்ன 6 புடைத்திருக்கிறது. அதைப் பார்த்து ரெக்கார்டின் ஆறாம் நம்பர் மாடல் என்று துள்ள வேண்டாம், வார்ப்படக் கூடத்து அச்சு நம்பராகத்தான் இருக்க வேண்டும். தாடையை வெர்னியரில் பிடித்தால் 127 மில்லிமீட்டர், அதாவது சரியாக 5 அங்குலம். மெட்ரிக் நாட்டுச் சரக்காக இருந்தால் 125 வந்திருக்கும். ஆக ஜெர்மனியும் ஜப்பானும் அநேகமாகப் போச்சு. மிச்சம் இங்கிலாந்தா அமெரிக்காவா என்பதுதான். அதற்கு விடை அடியில் இருந்தது. நட்டைப் பிடித்து வைத்திருக்கிற அரை அங்குல போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணினேன். 12. அமெரிக்க அரை அங்குலத்தில் 13 வரும், பழைய பிரிட்டிஷ் மரைக் கணக்கான விட்வொர்த்தில் 12. மரை கேஜை வைத்தால் 55 டிகிரிப் பல் வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தது. அப்புறம் அந்த போல்ட்டின் தலையைப் பார். 22 ஸ்பேனர் நுழையாது, 24 லொடலொடவென்று ஆடும். அளந்தால் 23.4 மில்லிமீட்டர், பழைய விட்வொர்த் அளவு. இரண்டாம் உலகப்போரில் இரும்பை மிச்சப்படுத்தத் தலையை ஒரு அளவு குறைத்துவிட்டார்கள், இது அதற்கு முந்தைய கணக்கு. போல்ட்டை யாரோ பின்னால் மாற்றியிருக்கலாம் என்று நீ கேட்பாய். மாற்றியிருக்கலாம்தான், ஆனால் நட்டுக்குள் இருக்கிற மரையும் அதே விட்வொர்த், வார்ப்பில் குடைந்தது, அதை யாரும் மாற்றவில்லை.

இன்னொன்று, இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். முன் தாடையின் நெற்றியில் பெயிண்டை எடுத்ததும் இரண்டு சின்னத் துளைகள் தெரிந்தன, ஒன்றரை அங்குல இடைவெளியில், ஒன்றில் பித்தளை ரிவிட்டின் துணுக்கு இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு தகடு இருந்திருக்கிறது. யாரோ பித்தளைக்காகப் பிடுங்கி விற்றிருக்கிறார்கள். அந்தத் தகட்டில் செய்தவன் பெயர் இருந்ததா, விற்ற கடையின் பெயரா, சொல்ல முடியாது. ஆகவே போருக்கு முந்தைய பிரிட்டிஷ் வைஸ், அவ்வளவுதான் என் கணக்கு. அதற்கு மேல் ஒரு பெயரை நான் ஒட்ட மாட்டேன். பித்தளைத் தகடு செய்து ரெக்கார்ட் என்று பொறித்து ரிவிட் அடித்துவிட்டால் நாளைக்கு என் பேரன் அதை உண்மை என்று நம்புவான்.

சரி, வேலைக்கு வருகிறேன். விரிசல் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் ஆட்கள் செய்கிற அதே மண்ணெண்ணெய், சாக்பீஸ் வைத்தியம்தான்: மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். ஒன்றும் இல்லை. ஆனால் கைப்பிடி வில்லாக வளைந்திருந்தது, எவனோ பைப்பைச் செருகி முறுக்கியிருக்கிறான். சின்னவன் அதை எடுத்துவிட்டுக் கெட்டியான உருக்குக் கம்பி போடலாம் என்றான், நான் விடவில்லை. கைப்பிடி மென்மையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது, அது வளைந்தால்தான் வார்ப்பு இரும்பு உடையாமல் தப்பும். சூடாக்கி நிமிர்த்தித் திரும்பப் போட்டாயிற்று.

தாடைத் தகட்டின் ஸ்குரூக்கள் அசையவே இல்லை. பட்டறை டார்ச்சில் சூடேற்றி, சிவக்கும் முன்பே நிறுத்தி, மெழுகுவர்த்தியை மரையோரம் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுக்கும், ஆறவிட்டுத் திருப்பினால் முனகிக்கொண்டே வரும். ஒன்று மட்டும் உடைந்தது, துளையிட்டு எடுத்தேன்.

துருவுக்கு நீ மின்சார முறை சொன்னாய், சோடா, சார்ஜர், ஒரு பழைய இரும்புத் தகடு. கரண்ட் நிலவரத்தில் அது நடக்கிற காரியமா? சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பாகு, அந்த மொலாசஸில் ஊறப்போட்டேன். ஜியாவடிப் பக்கத்துக் கரும்புச் சரக்கு, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் டிரம், மூடி. நாற்றம் குடலைப் பிடுங்கும், வீட்டில் திட்டு விழுந்தது, ஆனால் கரண்டே வேண்டாம், துரு மட்டும் கரைந்து இரும்பு சாம்பல் நிறத்தில் அப்படியே நிற்கிறது. வார்ப்பு இரும்பை மட்டும் மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டுவிடக்கூடாது, அதையும் தின்னத் தொடங்கிவிடும். வெளியே எடுத்ததும் கழுவி வெயிலில் காயவைத்து உடனே எண்ணெய் தடவ வேண்டும், கண்ணெதிரிலேயே மஞ்சள் பூக்கும் நம் ஊர்க் காற்றில்.

தாடைத் தகடு ஒன்று காணவில்லை, மற்றது மழுங்கிப் போயிருந்தது. இரண்டையும் ஹினோ லாரி வில் பட்டையில் புதிதாகச் செய்தேன். சாம்பலில் புதைத்து மென்மையாக்கி, துளையிட்டு, முக்கோண அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் முக்கினேன். தண்ணீரில் முக்கினால் அந்த உருக்கு வெடித்துவிடும். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை திரும்பச் சூடு. இப்போது அரம் போட்டால் வழுக்குகிறது.

ஸ்குரூ சதுர மரை, நடுவில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வேலை எப்போதும் அந்த இடத்தில்தானே நடக்கும். அதை நான் தொடவில்லை. கிரீஸ் ஸ்குரூவுக்கு மட்டும், சறுக்குகிற இடத்துக்கு மெல்லிய எண்ணெய் போதும், அங்கே கிரீஸ் வைத்தால் இரும்புத்தூளைச் சேர்த்துக்கொண்டு அரமாக அறுக்கும். மேலே உள்ள சுத்தியல் காயங்களையும் தேய்த்து எடுக்கவில்லை, எத்தனையோ பேர் வேலை செய்த தடம் அது. வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் வெறும் இரும்பாக விட முடியாது என்பதால் ரெட் ஆக்சைடுக்கு மேல் சாம்பல் நிறம் அடித்தேன். நீலம் இல்லை, மன்னித்துக்கொள்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. பொன்மலை 1928-லிருந்து ஓடுகிற ஒர்க்‌ஷாப், சவுத் இந்தியன் ரயில்வே காலத்து வைஸ் ஏதாவது இன்னும் போல்ட் போட்டு நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருக்கிற பழைய பையன்களிடம் சொல்லி, முன் தாடை நெற்றியில் பித்தளைத் தகடு வைத்த வைஸ் ஏதும் உண்டா, துளை இடைவெளி ஒன்றரை அங்குலமா என்று பார்க்கச் சொல். கிடைத்தால் போட்டோ அனுப்பு. அப்படியே துளைக்குள் மரை வெட்டுகிற அரை அங்குல விட்வொர்த் டாப் ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை, இங்கே கிடைப்பதெல்லாம் மெட்ரிக். தீபாவளிக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் போதும், பணம் நான் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் ரங்கூன் நண்பன்