வாசகர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் ஒன்பது நடந்தன. சித்திரைத் திருவிழாவுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, மாடிச் சாவி கிடைக்காமல் ஒன்று நின்றுபோயின. 1921 செப்டம்பர் 22-ல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய மதுரை மேலமாசி வீதி வீட்டில், வழக்கம்போல் அதே நாளில் மாலை அணிவித்தோம்.

'உலகை மாற்றியவர்கள்' தொடர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெப்போலியன் உரைக்கு 41 பேர் வந்தார்கள். அன்று பருத்திப்பால் ஒரு உறுப்பினரின் உபயம் என்பதையும் பதிவு செய்கிறேன். 27 ஆண்டு சிறையிலிருந்த மண்டேலாவுக்கு 19 பேர். நான் பேசிய இக்னாஸ் செம்மல்வைஸுக்கு, வாட்ச்மேனையும் சேர்த்து ஆறு பேர். "பேர் தெரியாத டாக்டருக்கு எதுக்கு ஒரு கூட்டம்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இன்றுதான் கிடைத்திருக்கிறது.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்ததைவிட அதிகத் தாய்மார்கள் ஜன்னி கண்டு இறந்தார்கள். காரணம் புரியவில்லை. 1847-ல், அங்கே டாக்டராக இருந்த செம்மல்வைஸின் நண்பர் கொலெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, அதே மாதிரி நோய் கண்டு இறந்தார். பிணத்தைத் தொட்ட கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்குள் போவதுதான் வினை என்று செம்மல்வைஸுக்கு அப்போதுதான் உறைத்தது. மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. ஆனால் தங்கள் கையே எமன் என்பதைப் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1865-ல், 47 வயதில், மனநல விடுதியில் காவலர்களிடம் அடிபட்டு, புண் புரையோடி இறந்தார். இவருக்கு ஆறு பேர்!

லோயர்கேம்ப் பென்னிகுயிக் மணிமண்டபப் பயணம். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பிய மனிதருக்கு, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம் செய்யும் மரியாதை என்று ஏற்பாடு செய்தேன். தலைக்கு ரூ.500 என 18 பேர் பெயர் கொடுத்தார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில் நின்றவர்கள் 11 பேர். வேன் வாடகை ரூ.8,500. மீதி யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மகளின் பிரசவத்துக்காக அவர் சென்னையில் இருக்கிறார். 64 உறுப்பினர்களில் சந்தா கட்டியவர்கள் 23 பேர். பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்றேன், தலைவர் வேண்டாம் என்றுவிட்டார். ஒட்டினால் செயற்குழுவில் பாதிப்பேர் பெயர் அதில் வரும்.

இடம் தந்த மாடி உரிமையாளருக்கும், நாற்காலி எடுத்துப்போட்ட தம்பிகளுக்கும், பருத்திப்பால் அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதானால் எனக்கு முழுச் சம்மதம். சென்ற ஆண்டும் இதைத்தான் சொன்னேன். யாரும் முன்வராவிட்டால், ஜூன் கூட்டத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பற்றி நானே பேசுகிறேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன்.

செயலாளர்