டி.ஏ. சர்வீஸ் முடிகிறது: ஒரு ஸ்டோர்மேனின் நன்றி மடல்

அன்புள்ள சாகேப்மார்களே, தம்பிகளே, பம்ப் கம்பெனித் தோழர்களே, வணக்கம்.

டெரிடோரியல் ஆர்மியில், அதாவது டி.ஏ. என்கிற பகுதிநேர ராணுவத்தில், என் சர்வீஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. கோவை 110 காலாட்படை பட்டாலியன் (டி.ஏ.) மெட்ராஸ், ஹெச்.க்யூ. (தலைமையக) கம்பெனி, உடை, ரேஷன், சாமான் எல்லாம் வைத்துக் கொடுக்கும் க்வார்ட்டர் மாஸ்டர் ஸ்டோர். சிவில் வாழ்க்கையில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். அங்கே பேரிங், இங்கே பூட்ஸ். இரண்டு இடத்திலும் லெட்ஜர்தான் சாமி.

டி.ஏ. என்று சொன்னதும் தோனி இருக்கிறாரே, மோகன்லால் இருக்கிறாரே என்பார்கள். அவர்கள் கௌரவ லெப்டினன்ட் கர்னல்கள். நாங்கள் அரிசி மூட்டை எண்ணியவர்கள். வேலையை விடாமலே ராணுவத்திலும் இருக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. ஆண்டுதோறும் அந்தத் தேதியில்தான் டி.ஏ. தினம். 1962, 1965, 1971 என்று மூன்று போர்களிலும் டி.ஏ. ஆட்கள் இருந்தார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிப்போன முசூரி மலையில் மரம் நட 1982-இல் எழுப்பிய பட்டாலியனும் டி.ஏ.தான்.

ஹெச்.க்யூ. கம்பெனியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ரைபிள் கம்பெனி போஸ்டுக்குப் போகும், போட்டோவில் வரும். கிளார்க், டிரைவர், சமையல்காரர், நாவிதர், ஸ்டோர்மேன் எல்லாம் பின்னால் இருப்போம். 2024 ஜூலையில் வயநாட்டில் மண் சரிந்தபோது கோழிக்கோட்டின் 122 டி.ஏ. பட்டாலியன் மீட்புக்குப் போனது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் எந்த பட்டாலியனிலும் வண்டிக்கு டீசல், ஆளுக்குக் கயிறு, மண்வெட்டி, ரேஷன் எல்லாம் கையெழுத்தாகி வெளியே போன பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் நன்றி எங்கள் கிளார்க்குகளுக்கு. டி.ஏ. ஜவானுக்கு பென்ஷன் வேண்டுமானால், கூப்பிட்டு எம்பாடி செய்த காலம், அதாவது முழுநேரப் பணியில் வைத்திருந்த காலம், மொத்தமாக 15 ஆண்டு சேர வேண்டும். விட்டு விட்டு வருகிற சர்வீஸ். ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் வெளியே போனதும் பார்ட் டூ ஆர்டர் என்கிற யூனிட் பதிவில் ஏற வேண்டும். ஒரு பதிவு விட்டுப்போனால் பல வருஷம் கழித்து அந்த மாதங்களை நிரூபிக்க ஜவான்தான் அலைய வேண்டும். மின்விசிறி ஓடாத அறையில் உட்கார்ந்து, பழைய ஆர்டர்களைப் புரட்டி, எத்தனையோ பேரின் நாட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள் சார். அந்த வீடுகளில் இன்று மாதாமாதம் அடுப்பெரிவது உங்கள் கையெழுத்தால்.

லங்கர் (சமையற்கூட) தம்பிகளே, வட இந்தியக் குளிரில் புளி கரைத்து ரசம் வைத்தீர்கள். சப்பாத்தியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்ட எல்லோர் சார்பிலும் கும்பிடுகிறேன். எம்.டி. (வண்டிப் பிரிவு) டிரைவர்களுக்கும், என் ஸ்டாக்கை மூன்றாம் முறையும் எண்ணச் சொன்ன சூபேதார் சாகேபுக்கும் சலாம்.

இனி பம்ப் கம்பெனிக்கு. டி.ஏ. பணிக்குப் போய் வருபவருக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு டி.ஏ. சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் முதலாளி அதைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. "போயிட்டு வாங்க கண்ணு, ஸ்டோர் எங்கயும் போயிராது" என்றார், அவ்வளவுதான். எத்தனையோ பேர் சட்டத்தைக் காட்டியும் வேலை கிடைக்காமல் நின்றதை யூனிட்டில் பார்த்தவன் என்பதால் அந்த ஒரு வாக்கியத்தின் விலை எனக்குத் தெரியும். நான் இல்லாத மாதங்களில் சாவியை வாங்கிக்கொண்டு, தன் பேக்கிங் வேலையோடு என் லெட்ஜரையும் எழுதிய அண்ணனுக்குக் கூடுதல் சம்பளம் எதுவும் இல்லை. சீருடையும் இல்லை, மெடலும் இல்லை. என் சர்வீஸில் பாதி அவருடையது என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டம்மாவுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்; ஊரறியச் சொன்னால் திட்டுவாள்.

சீருடை, மெஸ் டின், கம்பளி எல்லாம் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. அடுத்த திங்கள் காலை ஷிஃப்டுக்கு வந்துவிடுவேன் அண்ணா, சாவியை எடுத்து வையுங்கள். 6205 பேரிங் ஸ்டாக் குறைந்திருந்தால் இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் முழக்கத்தோடு முடிக்கிறேன்: வீர மதராசி!

இப்படிக்கு,
ஹெச்.க்யூ. கம்பெனி ஸ்டோர்மேன்