மரச்சிலை விற்கும் கடைகள் ரசீதில் மரத்தின் பெயரையும் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் என் மகன் சென்னையில் வாங்கிய பிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். வாசலைப் பார்த்தபடி ஹாலில் ஒரு மரப் பிள்ளையார் இருக்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டாள், நானும் சேர்ந்து போய் ஒரு பெரிய கடையில் இரண்டடி உயரப் பிள்ளையார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். "முழுக்கக் கை வேலைம்மா, ஒரே கட்டையில செதுக்கினது, தேக்கு" என்று கடைக்காரர் சொன்னார். விலை 22,000 ரூபாய். கை வேலை என்றால் அவ்வளவு ஆகும்தானே என்று பேரம்கூடப் பேசவில்லை.

சித்திரை வெயில் வந்தது, வீட்டில் ஏசி ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் துடைக்கும்போது பார்த்தால் வலது தோளில் ஒரு கோடு. மரம் வெடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அது வெடிப்பு இல்லை, ஒட்டு பிரிகிறது. கை தனித் துண்டு, தோள் தனித் துண்டு, நடுவில் பசை. சிலையைத் திருப்பி முதுகுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது பாலிஷுக்கு அடியில் சீப்பால் வாரியது போல ஒரே இடைவெளியில் மெல்லிய வரிகள் ஓடின. அதே வாரம் வேறொரு கடையில் அதே பிள்ளையார், அதே தொந்தி மடிப்பு, அதே கொழுக்கட்டை, வரிசையாக ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இது இயந்திர வேலை என்று அப்போதுதான் புரிந்தது. சரி, கேட்டுவிடலாம் என்று வாங்கிய கடைக்குப் போனேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது: "கை வேலைன்னு ரசீதுல எழுதலையேம்மா."

உண்மைதான். ரசீதில் "மரச்சிலை - 1" என்று மட்டும்தான் இருக்கிறது. என்ன மரம் என்றுகூட இல்லை.

நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய உருவத்தைப் பார்த்து மரத்தைக் கடையும் இயந்திரங்கள் இப்போது ஊர் ஊருக்கு வந்துவிட்டன, அதில் செய்த சாமியையும் ஒரு குடும்பம் பக்தியோடு கும்பிடத்தான் போகிறது. குறைந்த விலையில் வீட்டுக்கு ஒரு பிள்ளையார் வருவது நல்லதே. ஆனால் அதை இயந்திர வேலை என்று சொல்லி அதற்கான விலைக்கு விற்க வேண்டும். கை வேலை என்று வாயால் சொல்லி, கை வேலையின் விலையை வாங்கிக்கொண்டு, ரசீதில் மட்டும் அதை விட்டுவிடுவது ஏமாற்று. அதில் ஏமாறுவது நான் மட்டும் இல்லை, அந்த 22,000 ரூபாய் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு தச்சரும்தான்.

அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று ஆனி மாதம் திருச்சியிலிருந்து கிளம்பி பெரம்பலூர் வழியாக அரும்பாவூர் போனேன். பச்சைமலை அடிவாரத்து ஊர். தெருவில் நடந்தாலே கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் உளியில் விழும் சத்தம் கேட்கிறது. திண்ணையிலும் கொட்டகையிலும் முகம் வராத முருகன்கள், கை வராத நடராஜர்கள், பாதி யானையாகவும் பாதி கட்டையாகவும் நிற்கும் பிள்ளையார்கள். ஒரு பட்டறையில் ஏறக்குறைய நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்த பெரியவர் சலிக்காமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார்.

முதலில் மரம். அங்கே அதிகம் புழங்குவது வாகை. தேக்கு, வேம்பு, அத்தி, மாவிலங்கை என்று கேட்பவரின் வசதிக்கும் சிலையின் அளவுக்கும் ஏற்ப மாறும். அறுத்த கட்டையை உடனே தொடமாட்டார்கள். நிழலில் மாதக்கணக்கில் காயப் போட வேண்டும், தடித்த கட்டை என்றால் இன்னும் அதிகம். ஈரம் உள்ளே இருக்கும்போதே செதுக்கினால் பிறகு அது வெளியேறும்போது மரம் சுருங்கி வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் முகத்தில்தான் வெடிக்கும் என்று அவர் சொன்னபோது சிரித்தார், ஆனால் அதில் ஒரு வலி இருந்தது. ஏனென்றால் முகம்தான் கடைசி வேலை. வாரக்கணக்கில் செய்த உழைப்பு அங்கே போய் நிற்கும்.

காய்ந்த கட்டையில் முதலில் நடுக்கோடு போடுகிறார்கள், பிறகு குறுக்குக் கோடுகள். முகத்தின் நீளம் ஒரு தாலம், பன்னிரண்டு அங்குலம், இது ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை, அந்தச் சிலைக்குள்ளேயே பிறக்கும் அளவு. பிள்ளையாருக்கு மொத்த உயரம் ஐந்து தாலம், சிவனுக்கும் பெருமாளுக்கும் பத்து. அதனால்தான் பிள்ளையார் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் தெரிகிறார், நடராஜர் நெடிதுயர்ந்து தெரிகிறார். இத்தனை வருஷம் கும்பிட்டும் எனக்கு இது தெரியாது. அளவு போட்டதும் பெரிய உளியால் தேவையில்லாததைக் கழிக்கிறார்கள், உருவம் மேலோட்டமாக வருகிறது, அப்புறம் உளி சிறிதாகிக்கொண்டே போகிறது. நகம் போல வளைந்த உளி, ஊசி போன்ற உளி, காதுக்கும் கழுத்துக்கும் நடுவே நுழைகிற உளி. மாலைக்குப் பின்னால் மார்பு தெரிய வேண்டும், விரலுக்கும் விரலுக்கும் இடையில் வெளிச்சம் போக வேண்டும். அந்த இடங்களில் அவர் மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உளியை வைத்தார். நாருக்கு எதிராகப் போனால் பிய்ந்துவிடும், ஒட்டவைக்க முடியாது.

தேர்ச் சிற்பமும் சாமி வாகனமும் செய்து வந்த கைகள் இவை. கோயில் வேலை வருஷம் முழுக்கக் கிடைப்பதில்லை, வீட்டுப் பூஜையறைக்கும் ஹாலுக்கும் கேட்பவர்கள்தான் அடுப்பை எரிய வைக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அவர் மகன் வேறு ஊரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் இதே வேலைக்குப் பேர்போன ஊர். குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், ஆனால் அது காப்பாற்றுவது ஊர்ப் பேரை மட்டும்தான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அரும்பாவூர் சிலை என்று பொய் சொல்லி விற்றால் 1999-ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைகூட உண்டு. ஊர்ப் பேரே சொல்லாமல் "கை வேலை" என்று மட்டும் சொல்லி இயந்திரச் சிலையை விற்றால் அந்தக் குறியீடு என்ன செய்யும்? எனக்கு விற்ற கடைக்காரர் எந்த ஊர்ப் பேரையும் சொல்லவே இல்லை.

வரியிலும் இதே கதைதான். கல், பளிங்கு, மரம் இவற்றில் செய்த தெய்வச் சிலைகளுக்கு ஜிஎஸ்டி வேண்டாம் என்று 2018 ஜூலையில் கவுன்சில் முடிவு செய்தது. நல்ல முடிவு. ஆனால் அந்த விலக்கு உளி செய்ததா இயந்திரம் செய்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டுக்கும் ஒரே சலுகை. ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்ததும் ஒரு இயந்திரம் சில மணி நேரத்தில் தள்ளியதும் கடை அலமாரியில் ஒரே பேரோடு, ஒரே விலையோடு நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தங்கத்துக்கு ஹால்மார்க் இருக்கிறது, பட்டுக்கு சில்க் மார்க் இருக்கிறது. மரச்சிலைக்கு அப்படி ஒரு முத்திரை வரும்வரை காத்திருக்க வேண்டாம், ரசீதில் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எந்த மரம், ஒரே கட்டையா ஒட்டியதா, கையா இயந்திரமா இரண்டுமா, எந்த ஊரில் செய்தது. இரண்டும் கலந்த வேலையும் இப்போது நடக்கிறது, இயந்திரம் உருவம் எடுத்துக் கொடுக்க கை மெருகேற்றும், அதையும் அப்படியே எழுதலாம், ஒன்றும் அவமானம் இல்லை. பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மாவட்ட நிர்வாகமும் கைத்திறன் வளர்ச்சிக் கழகமும் கடைக்காரர்களைக் கூப்பிட்டு இதைக் கட்டாயப்படுத்த வேண்டும். அந்தக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலிருந்தே தொடங்கலாம், ஒவ்வொரு மரச்சிலைக்கும் இந்த நான்கு விவரமும் எழுதிய சீட்டு கட்டினால் மற்ற கடைகளில் ஜனங்கள் தாங்களாகவே கேட்க ஆரம்பிப்பார்கள்.

அதுவரை வாங்கப் போகும் வாசகர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சிலையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முழுக்கட்டை என்றால் மரத்தின் வளையங்கள் தெரியும், முகத்தில் ஓடும் ரேகை பீடம்வரை தொடர்ந்து இறங்கும். ஒட்டிய இடத்தில் ரேகை திசை மாறும். கைக்கும் உடம்புக்கும் இடையே, காதுக்குப் பின்னால், கிரீடத்தின் முதுகில் விரலை விட்டுப் பாருங்கள், மலிவான இயந்திர வேலையில் அந்த இடங்கள் அடைந்தே கிடக்கும். இடது கண்ணும் வலது கண்ணும் நூல் பிடித்தாற்போல இருந்தாலும் சந்தேகப்படுங்கள், கையால் செய்ததில் துளி வித்தியாசம் இருக்கும். கறுப்பாகச் சாயம் ஏற்றிவிட்டு ஈட்டி மரம் என்பார்கள், கீழே பாலிஷ் படாத ஒரு மூலையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மரத்தூள் உதிர்கிறதா, சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், வண்டு அரித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமான்களுக்கும் பரவும்.

மரச்சிலையை வீட்டில் வைக்கலாமா, தோஷம் இல்லையா என்று என்னிடமே நான்கு பேர் கேட்டார்கள். காஞ்சிபுரத்தில் அத்தி மரத்தில் ஆன அத்தி வரதரை 2019-ல் 48 நாள் நாம் எல்லோரும் வரிசையில் நின்று சேவித்தோமே! 40 வருஷம் அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருந்து வந்த மரத் திருமேனி அது. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே திருக்கோவிலூரில் காலைத் தூக்கி உலகளந்து நிற்கும் பெருமாளும் மரத்தில்தான் நிற்கிறார். புரியில் ஜெகந்நாதருக்கு வேப்ப மரம், கடைசியாக 2015-ல் புதுத் திருமேனி செய்தார்கள். இதற்கு மேல் யாரிடம் அனுமதி கேட்பது? அபிஷேகம் மட்டும் வேண்டாம் என்று அரும்பாவூர்ப் பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணி காட்டாதீங்கம்மா, விளக்கைப் பக்கத்துல வைக்காதீங்க, ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்க விடாதீங்க, காஞ்ச துணியும் பிரஷ்ஷும் போதும்."

அவரிடமே ஒரு பிள்ளையார் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை அடி, வாகை மரம், ஒரே கட்டை. கட்டை இன்னும் முழுசாகக் காயவில்லை, கார்த்திகைக்கு முன்னால் தர முடியாது என்றார். முன்பணத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் கேட்காமலேயே மரத்தின் பெயர், உயரம், கை வேலை என்று எல்லாம் இருந்தது, கீழே ஊர்ப் பெயரும் இருந்தது.

நவராத்திரிக்கு முன்னால் உங்கள் பத்திரிகை அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி மூன்று ஊருக்கும் ஒரு செய்தியாளரை அனுப்பி, எந்தப் பேருந்தில் போக வேண்டும், சிலைக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், என்ன விலை ஆகும் என்பதையெல்லாம் ஒரு முழுப்பக்கத்தில் போட்டால் நன்றாக இருக்கும். கொலுவுக்கு வாங்குபவர்கள் பலர் நேராகப் போவார்கள், நானே என் தெருவில் இரண்டு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகத் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி