கழுத்து நோவின் இடத்தைக் காட்டித் தந்தவர்களுக்கு நன்றி

யாழ்ப்பாணம்

அன்புடையீர்,

பின்னாலிருந்து வாகனம் இடித்துக் கழுத்து உதறுப்பட்ட பலருக்கு மாதக்கணக்கில் நோ நிற்கும். எக்ஸ்றேயிலும் எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் பிடிபடாது. முள்ளெலும்புகளின் பின்பக்கத்துச் சிறு மூட்டுகளில் எது நோகிறது என்பதை, அதன் நரம்பை விறைக்கப்பண்ணிப் பார்த்துத்தான் அறியலாம். ஊசி போடும் எங்களுக்கே பேர் வருகிறது. விடையைத் தருபவர்கள் நீங்கள்.

கதிர்ப்படம் எடுக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதல் நன்றி. பக்கவாட்டுப் படத்தில் இடது, வலது எலும்புத் தூண்கள் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாக விழவேண்டும். சி-ஆம் எனும் வளைகைக் கதிர்ப்படக் கருவி சற்றுச் சரிந்தாலே இரண்டு கோடு தெரியும். ஊசிப் பக்கம் எது என்று குழம்பினால் முனை முண்ணாண் பக்கம் போய்விடும். கீழ்க்கழுத்தைத் தோள் மறைக்கும்போது, அலுக்காமல் தோளைக் கீழே இழுத்து மறுபடி படம் பிடித்தீர்கள்.

மருந்தை அளந்து தந்த தாதியருக்கும் நன்றி. பெரும்பாலும் ஒரு மூட்டுக்கு இரண்டு நரம்பு, ஒவ்வொன்றுக்கும் 0.3 மில்லிலீற்றர். கூடினால் மருந்து பரவிப் பக்கத்து நரம்பும் விறைக்கும், விடை பிழைக்கும்.

ஊசி போட்டபின் நோவின் அளவை நோக் கொப்பியில் எழுதிய நோயாளிகளுக்கு என்ன சொல்வது! விறைப்பு மருந்து ஒரு நாள் லிக்னொகேயின், இன்னொரு நாள் பியூபிவக்கேயின். எது எதுவென்று உங்களுக்குச் சொல்வதில்லை. முன்னது சீக்கிரம் விடும், பின்னது நீண்டு நிற்கும். நோவும் அதே கணக்கில் குறைந்து திரும்பினால்தான் அந்த மூட்டை நம்பலாம். ஒரே ஊசியோடு முடிவெடுத்தால் தவறான மூட்டில் பழி விழும். நோக்குளிசையைத் தள்ளிவைத்து, தேங்காய் துருவியும் முற்றம் கூட்டியும் பார்த்து, அரைமணிக்கொரு தரம் 0 முதல் 10 வரை குறித்தீர்கள். எங்கள் மனம் நோகாமலிருக்க ‘குறைந்தது’ என்று எழுதாமல், ‘குறையவில்லை’ என்று நேராக எழுதியவர்களுக்குத் தனி நன்றி. நோகும் மூட்டு உறுதியானால் நோவை நிறுத்த அதன் நரம்பைச் சுடுவோம்; நோகாத மூட்டின் நரம்பை வீணாகச் சுடாமல் தடுத்தது அந்த ஒரு சொல்தான்.

மேல்கழுத்தில் ஊசி போட்டால் சில மணிநேரம் தலை நிலைகொள்ளாது, நடை தள்ளாடும். அன்று மோட்டார் சைக்கிளைத் தொடவிடாமல், கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோன வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
ஊசி போடும் மேசைப் பக்கத்திலிருந்து நாங்கள்