கறுப்புத் தடத்துக்கு அவசரம் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

ஜூலையில் நால்வரும் எங்கள் மலையூரான விஸ்லருக்கு வருகிறீர்கள் என்று படித்ததுமே அப்பா மேல் அறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார். எனக்கு உன் கடிதத்தின் அடுத்த வரிதான் உறுத்தியது. வந்த முதல் நாளே சைக்கிளோடு மலையேற்றும் லிஃப்டில் ஏறி, ஏ-லைன் என்ற கறுப்புத் தடம் வழியாக இறங்க வேண்டும் என்று மருமகன் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். ரொறன்ரோவில் டான் பள்ளத்தாக்கின் தடங்களில் வருடக்கணக்காக ஓட்டியவருக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்று நீயும் கேட்டிருக்கிறாய். காரியம்தான், பிள்ளை.

எளிய தடத்திலிருந்து கடினமானதுவரை பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், அதற்கும் மேலே இரட்டைக் கறுப்பு வைரம். பனிச்சறுக்குச் சரிவுகளில் இருக்கும் அதே குறிகள்தான் சைக்கிள் தடங்களிலும். கனடா முழுவதும் பலகைகள் ஒரே மாதிரி இருப்பதால் அளவும் ஒன்றுதான் என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். நிறம் குறிப்பவர்கள் தங்கள் ஊரின் மற்றத் தடங்களோடு ஒப்பிட்டுத்தான் குறிக்கிறார்கள். எங்கள் கடைத்தெரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 670 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் நிற்கும் விஸ்லர் சிகரமோ 2,180 மீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு மலையை வைத்துக்கொண்டு இவர்கள் நீலம் என்று எழுதுவதை, மேடு குறைந்த ஊர்களில் கறுப்பு என்றே எழுதுவார்கள். மருமகனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அங்கே பழகிய நீலம் வேறு, இங்கே உள்ள நீலம் வேறு.

முதல் நாள் வேல்லி டிரெயில். தார் போட்ட பாதை, மோட்டார் வாகனம் கிடையாது. தெற்கே சீக்கமஸ் கிராசிங்கிலிருந்து வடக்கே கிரீன் லேக் வரை, ஏரிகளைத் தொட்டுத் தொட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நான் வேலைக்குப் போவதே அதில்தான். பேத்திக்கு அதுவே போதும். அல்டா லேக் கரையில் இறக்கிவிட்டால் மாலை வரை தண்ணீரை விட்டு வரமாட்டாள்.

அடுத்த நாள் லாஸ்ட் லேக் காடு. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும் அகலப் பாதைகளுக்கு நடுவே ஒற்றையடித் தடங்களை நெளிய விட்டிருக்கிறார்கள். பச்சையும் உண்டு, நீலமும் உண்டு. என் கருத்தில் இந்த ஊரின் சைக்கிளை உண்மையில் கற்றுத்தருவது லிஃப்ட் இல்லாத இந்தக் காடுதான். தேவதாரு, ஹெம்லாக் மரங்களின் வேர்கள் தடத்தின் குறுக்கே புடைத்துக் கிடக்கும். காய்ந்திருந்தால் கடகடவென்று தாண்டிவிடலாம். ஒரு மழை பெய்துவிட்டால் விளக்கெண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். அப்போது வேரைச் சாய்வாகக் கடக்கக் கூடாது. முன்சக்கரத்தை வேருக்குக் குறுக்கே நேராகக் கொண்டுபோக வேண்டும். வேரின் மேல் டயர் இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு மிதிகளும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் தாழ்ந்திருக்கும் மிதி வேரில் இடிக்கும். கண் அடுத்த வளைவில் இருக்கட்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு சைக்கிள் பழகிய எனக்கே இது கைவந்தது என்றால் பேரனுக்கு அரை நாள் போதும்.

மூன்றாம் நாள் வேண்டுமானால் லிஃப்ட். விஸ்லர் பைக் பார்க் 1999-இல் திறந்தது. குளிர்காலத்தில் சறுக்குபவர்களைச் சுமக்கும் அதே நாற்காலிகள் கோடையில் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப்போகின்றன. ஏறுகிற வேலை இல்லை என்பதால்தான் ஆபத்து என்று நான் சொல்வேன். கால் சோர்ந்தால் ஆள் தானாக நின்றுவிடுவான். இங்கே கால் சோர்வதற்கு முன் கை சோர்ந்துவிடுகிறது, அது தெரிவதும் இல்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்னங்கை மரத்துப்போன பிறகும் "இன்னும் ஒரு தடவை" என்று வரிசையில் போய் நிற்பார்கள்.

ஃபிட்ஸிம்மன்ஸ் நாற்காலியில் ஏறி, முதலில் "ஈஸி டஸ் இட்" என்ற பச்சைத் தடத்தில் இறங்குங்கள். அகலமானது, வளைவுகளில் வெளிப்பக்கம் மண் அணைத்துக் கட்டியிருப்பதால் சக்கரம் தானாகத் திரும்பும். பிறகு "பி-லைன்". அதுவும் சரளமாக வந்துவிட்டால் "கிராங்க் இட் அப்". நீலத் தடம்தான், ஆனால் துள்ளுமேடுகள் உண்டு. மருமகன் அங்கே எப்படித் துள்ளுகிறார் என்று பார்த்துவிட்டு ஏ-லைனைப் பற்றிப் பேசலாம். ஏ-லைன் மேடுகளின் உச்சி மேசைபோலத் தட்டையானது, துள்ளாமல் உருட்டிக்கொண்டும் போகலாம் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் பின்னால் வருகிறவன் காற்றில் பறந்து வருகிறான். உருட்டுகிறவர் அவன் இறங்கும் இடத்தில் நிற்பார். "முதலில் பார்த்துக்கொண்டு ஓட்டு, மறுபடி ஓட்டு, அப்புறம் மனம்போல ஓட்டு" என்பது பார்க்கின் சொந்த விதி, மாமியார் கண்டுபிடித்தது அல்ல என்று அவரிடம் சொல். முகம் மூடும் ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் காப்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மேற்கே ஸ்ப்ரோட் மலையில் "லார்ட் ஆஃப் த ஸ்குயிரல்ஸ்" என்று பெயர்பெற்ற தடம் இருக்கிறது. அதற்கு லிஃப்ட் கிடையாது, சுமார் ஆயிரம் மீட்டர் மிதித்தே ஏற வேண்டும். அது அடுத்த வருடத்துக்கு.

கரடிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பள்ளத்தாக்கில் கருங்கரடிகள் உண்டு. லிஃப்டின் கீழே புல் மேய்வதை நீங்களே பார்ப்பீர்கள். காட்டுத் தடத்தில் கண் மறைக்கும் வளைவு வந்தால் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கண்டால் ஓடாதே, அமைதியாகப் பேசிக்கொண்டே பின்வாங்கி, அது போக வழிவிடு. காரில் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட விட்டுவைக்காதே. கதவைத் திறக்கத் தெரிந்த கரடிகள் இருக்கின்றன.

பார்க்குக்கு டிக்கெட் உண்டு. பள்ளத்தாக்கின் மற்றத் தடங்களுக்குக் காசு இல்லை. அதற்காக யாரும் உழைக்கவில்லை என்று நினைத்துவிடாதே. விழுந்த மரத்தை அறுப்பதும், தண்ணீர் தேங்கும் இடத்தில் வாய்க்கால் வெட்டுவதும், மரப்பாலத்தின் உளுத்த பலகையை மாற்றுவதும் 1989-இல் தொடங்கிய வோர்க்கா என்ற ஊர்ச் சங்கத்தின் வேலை. தொண்டர்கள் மண்வெட்டியோடு வருவார்கள். கோடையில் வியாழக்கிழமைகளில் இவர்கள் நடத்தும் டூனி என்ற சைக்கிள் பந்தயத்தில் பள்ளிப் பிள்ளைகளும் நரைத்த தலைகளும் ஒரே கோட்டில் நின்று புறப்படுவார்கள். பேரன் அதைப் பார்க்க வேண்டும்.

ஜூலையில் வாடகை சைக்கிள்கள் சீக்கிரம் முடிந்துவிடும், நான் இப்போதே சொல்லிவைக்கிறேன். நால்வரின் உயரத்தையும் எழுதி அனுப்பு. அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கை ஆளின் எடைக்கு ஏற்றபடிதான் இறுக்குவார்கள். ஆகவே மருமகனின் எடையையும் அனுப்பு, உள்ளதை உள்ளபடி.

அன்புடன்,
அம்மா