டீலோஸுக்கு எவ்வளவு நேரம் என்று கேள்

அன்புள்ள தோழிக்கு,

கிரீஸுக்குச் சுற்றுலாக் குழுவோடு போகலாமா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், குழுவோடேயே போகலாம். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் டீலோஸ் தீவில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டு. எங்களை ஒன்றரை மணி நேரத்தில் படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே ஆட்கள் அன்று சாயங்காலம் பக்கத்து மிக்கோனோஸ் தீவின் கடைத்தெருவில் மூன்று மணி நேரம் சுற்றவிட்டார்கள் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஏதென்ஸைப் பற்றி உனக்கு நான் சொல்வதா, சரித்திரம் பாடம் எடுத்தவள் நீ. மலைமேல் இருக்கும் பார்த்தினான் கோயில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்த கட்டடம்டி. 1687இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்த நேரத்தில் வெனிஸ் படையின் குண்டு வந்து விழ, கூரையும் தூண்களில் பலவும் ஒரே நாளில் போய்விட்டன. மலைமேல் பளிங்குத் தரை எத்தனையோ கோடிக் கால்கள் மிதித்து வழுவழுவென்று கிடக்கிறது, ரப்பர் அடி போட்ட செருப்பு இல்லாமல் ஏறாதே, அதுவும் உன் முழங்காலை வைத்துக்கொண்டு. ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், அதுவும் இந்த மணிக்கு இவ்வளவு பேர் என்று 2023இலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வெயில் கடுமையானால் மத்தியானம் கேட்டையே மூடிவிடுவார்கள். இந்த டிக்கெட் தொல்லையெல்லாம் குழுவோடு போனால் நம் தலையில் விழாது, அதற்காகவே கொடுக்கிற காசு தகும்.

மைசீனியில் சிங்க வாசல், டெல்பியில் வெண்கலத் தேரோட்டி, இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, அவ்வளவுதான். எப்பிடாரஸ் அரங்கத்தில் எல்லா வழிகாட்டியும் செய்வதை எங்கள் வழிகாட்டிப் பெண்ணும் செய்தாள், நடுவில் நின்று காசைக் கீழே போட்டு மேலே கேட்கிறதா என்றாள். ஐம்பத்தைந்து வரிசை, பதினாலாயிரம் பேர் உட்காரலாம். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவி வைத்து அளந்து, சத்தம் மேலே வரைக்கும் வரும், அது காசுதான் என்று தெரிவது பாதி உயரம் வரைதான் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு மதுரை மாமி, யாரும் கேட்காமலேயே நடுவில் போய் நின்று ஒரு பல்லவி எடுத்தார், காவல்காரர் விசில் ஊதும்வரை நிறுத்தவில்லை, உச்சி வரிசையிலிருந்த எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அளக்க வந்தவர்கள் மாமியைக் கூப்பிட்டிருக்கலாம்.

சாந்தோரினித் தீவில் எல்லாரும் வெள்ளை வீட்டையும் சூரியன் இறங்குவதையும் படமெடுக்க ஓடினார்கள். நானும் எங்க வீட்டுக்காரரும் அக்ரோத்திரியில் நின்றோம். கி.மு. 1600 வாக்கில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர், 1967இல் மரினாட்டோஸ் என்ற தொல்லியல் ஆராய்ச்சியாளர் தோண்ட ஆரம்பித்தார், ஏழு வருஷம் கழித்து அங்கேயே விழுந்து இறந்துபோனார். மாடி வீடுகள், தெரு, சாக்கடை, ஆளுயரத் தானியச் சாடிகள் எல்லாம் இருக்கின்றன, மனித எலும்புகளைக் காணோம். முன்னாலேயே நிலநடுக்கம் வந்து மிரட்ட, ஊரைக் காலிசெய்து போயிருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே போனார்கள்?

சரி, டீலோஸ். மிக்கோனோஸிலிருந்து படகில் அரை மணி நேரம். நிழலுக்கு ஒதுங்க இடமில்லாத சின்னத் தீவு, மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட வராது. கிரேக்கக் கடவுள் அப்போலோ பிறந்த இடம் என்பதால் புனிதம். கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி, எலும்புகளைப் பக்கத்து ரினியா தீவுக்கு அனுப்பிவிட்டு, இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியையும் சாகக் கிடப்பவர்களையும் ரினியாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டுமாம். இவ்வளவு ஆசாரம் பார்த்த இதே ஏதென்ஸ்தான், கூட்டணி ஊர்களெல்லாம் சேர்ந்து டீலோஸில் வைத்திருந்த பொதுக் கஜானாவைக் கி.மு. 454இலேயே தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அப்புறம் ரோமர்கள் வந்து கி.மு. 166இல் அதை வரியில்லாத் துறைமுகமாக்கியதும் வியாபாரம் கொழித்தது, அடிமை வியாபாரமும் சேர்த்துத்தான். ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை வாங்கி அனுப்பிவிட முடிந்த ஊர் என்று அந்தக் காலத்துப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். சாவு தீட்டு, ஆளை விற்பது தீட்டில்லை. வழிகாட்டிப் பெண் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சிங்கச் சிலைகளைக் காட்டப் போய்விட்டாள், நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சிங்கங்கள் வெளியில் இருப்பவை நகல்தான், உப்புக்காற்று அரிக்காமல் அசலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது வீடுகள். தூண் வைத்த முற்றம், அடியில் மழைநீர்த் தொட்டி, தரையில் பொடிக்கல்லால் இழைத்த டால்பின்கள். ஒரு வீட்டில் கிளியோபாட்ரா என்ற ஏதென்ஸ்காரியும் (எகிப்து ராணி வேறு) அவள் கணவரும் தலையில்லாமல் நிற்கிறார்கள். அப்போலோ கோயிலுக்குக் கணவர் இரண்டு வெள்ளி முக்காலி கொடுத்தார் என்று அடியில் பொறித்து அவள் வைத்த சிலை, நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரியே. கி.மு. 88இல் ரோமோடு சண்டை போட்ட மித்ரடேட்டீஸ் ராஜாவின் படை, 69இல் கடற்கொள்ளைக்காரர்கள், அதோடு ஊர் படுத்துவிட்டது. இப்போதும் பயணிகள் யாரும் அங்கே இரவு தங்க முடியாது, படகைப் பிடித்தே ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், குறைந்தது மூன்று மணி நேரம் தரும் ஆட்களைத் தேடு. ஜூலை, ஆகஸ்டு வேண்டாம், வடகாற்று வலுத்தால் படகையே நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, கட்டித் தயிர், சாந்தோரினியில் ஃபாவா என்று மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள், ஊறுகாய் எடுத்துக்கொண்டு போனால் அண்ணனுக்கும் பிரச்சினை இருக்காது.

மகள் வேலை மாறினாளா, பேரன் பள்ளிக்கூடம் போகிறானா? முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது, அதைப் பொறுத்துத்தான் ஏப்ரலா அக்டோபரா என்று முடிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார், அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஷெங்கன் விசா தரமாட்டார்கள்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்