விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்: அண்ணன் மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். தேசிய சேவை முடிந்த கையோடு, "இனி நம் ஒலிநூல் செயலியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீ சொன்னது எனக்கும் மாமாவுக்கும் எவ்வளவு நிம்மதி என்று நேரில் சொல்ல வார்த்தை வரவில்லை. நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு பேரும் வரி விடாமல் படித்தோம். புது முகப்பு நன்றாக இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கட்டாயம் வேண்டும். தினமும் கேட்பவர்களுக்குப் பதக்கம் தருவது பற்றிப் பிறகு சொல்கிறேன். நீ எழுதாத வேலை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நீ முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. நம்மிடம் நூல் வாங்கியவர்களும் இதைப் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஒருவர் நூலை எந்த இடத்தில் நிறுத்தினாரோ, அதே இடத்தில் அது மறுபடி தொடங்க வேண்டும். எந்தக் கைப்பேசியாக இருந்தாலும், எத்தனை நாள் கழித்து வந்தாலும். ஒலிநூல் செயலிக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை என்று நான் நம்புகிறேன்.

பாட்டு நான்கு நிமிடம். இடம் தவறினால் முதலிலிருந்து கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாவல் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அச்சு நூல் என்றால் பக்கத்தைப் புரட்டி, இது படித்தது, இது படிக்காதது என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம். காதுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கொஞ்சம் கேட்டு, இங்கே கொஞ்சம் கேட்டு, தெரியக் கூடாத முடிவு தெரிந்து, சலித்துப்போய் மூடிவிடுவார்கள். மூடியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். துவாஸ் பக்கம் விடுதியில் தங்கிக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவர், புதுக்கோட்டைக்காரர். வேறொரு செயலியில் சரித்திர நாவல் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசி உறையின் பின்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பால்பாயின்ட் பேனாவால் 4:17, 5:02, 5:40 என்று எண்கள். ஒவ்வொன்றையும் எழுதி அடித்து, அடுத்ததை எழுதியிருந்தார். கடைசி எண் மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. லாரி தளத்துக்குப் போய்ச் சேரும்போது எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்ற கணக்கு அது. "இது மறந்துடுதுக்கா, அதான் நான் எழுதி வச்சுக்கிறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் உடம்பு அலுத்து ஏறும் லாரியில் அந்தக் கதைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார். அந்த மெனக்கெடல் செயலி பட வேண்டியது, அவர் படக் கூடாது.

உன் அப்பாவைக் கேட்டுப் பார். ஒலிநாடா காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. நாடாவை நிறுத்தினால் அது அங்கேயே நிற்கும். கழற்றி இன்னொரு பெட்டியில் போட்டாலும் அதே சொல்லிலிருந்து தொடங்கும். பிறகு குறுந்தட்டு வந்தது, வெளியே எடுத்தாலே இடம் போயிற்று. நாடாவில் தானாக நடந்ததை இப்போது நாம் நிரல் எழுதித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. நீ நினைப்பதைவிட அது கஷ்டம். மாமாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நிரல் தெரியாதவள் என்று தள்ளிவிடாதே. வருகிற புகார்களுக்கெல்லாம் பதில் எழுதுவது நான்தான்.

முதலாவது, செயலியை மூடும்போது நிறுத்திய இடத்தைச் சேமிக்கலாம் என்று எண்ணாதே. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் மின்கலத்தை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடும். நமக்குக் கடைசி வார்த்தை பேச நேரம் கிடைக்காது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளுக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும், அதுவும் கைப்பேசிக்குள்ளேயே. இணையம் இருந்தால் பிறகு மேலே அனுப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது குறுக்கீடு. அழைப்பு வந்தால் நிற்க வேண்டும், முடிந்ததும் தொடர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடச் செயலி வழி சொல்லும்போதுதான் கோளாறு. பாட்டாக இருந்தால் ஒலியைத் தாழ்த்தினால் போதும். பேச்சின் மேல் பேச்சு விழுந்தால் இரண்டும் காதில் ஏறாது, ஆனால் நிமிடம் மட்டும் ஓடிவிடும். நம்முடையது பேச்சு என்று ஆண்ட்ராய்டிடம் முன்கூட்டியே அறிவித்தால் அது தானாக ஒலியைத் தாழ்த்தாது, நிறுத்துவதை நம்மிடம் விட்டுவிடும். ஐபோனிலும் பேச்சுக்கென்று தனி அமைப்பு உண்டு. காதொலிக் கருவி கழன்றாலும் உடனே நிற்க வேண்டும்.

கோப்பிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எம்பி3 கோப்பில் நொடிக்கு இத்தனை பிட் என்பது மாறிக்கொண்டே இருந்தால், "மூன்றாம் மணி பத்தாம் நிமிடம்" கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் ஒலியை ஓட்டும் சில நிரல்கள் தோராயமாகக் கணக்கிடும். நீண்ட கோப்பில் அந்தத் தோராயம் நன்றாகவே விலகிப்போகும். அதனால்தான் மாமா எல்லாவற்றையும் நொடிக்கு மாறாத 64 கிலோபிட்டில், ஒற்றைத் தடத்தில் (மோனோ) வைத்திருக்கிறார். மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. பன்னிரண்டு மணி நேர நாவல் 350 எம்பிக்குள் அடங்கும். விடுதி வைஃபையில் இரவு இறக்கிக்கொள்பவருக்கும் அது கட்டுப்படியாகும். தரத்தை உயர்த்தலாம் என்று நீ எழுதியிருந்தாய். நூல்களை வாசிக்கும் உன் அம்மாவின் ஒற்றைக் குரலுக்கு இதுவே தெளிவாக இருக்கிறது. கை வைக்காதே.

உன் அம்மா என்றதும் ஒலிப்பதிவு அறை நினைவுக்கு வருகிறது. அறை என்ன அறை, நம் வீட்டு பாம் ஷெல்டர்தான். 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒன்று இருக்கிறதே, அதே. வெளிச்சத்தம் அவ்வளவாக நுழையாது. ஆனால் வெறுஞ்சுவர் எதிரொலிக்கும். அதன் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்பதால், துணி காயப்போடும் தாங்கிகளைச் சுற்றி நிறுத்தி, கம்பளங்களைத் தொங்கவிட்டு, நடுவில் உன் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கிறாள். மின்விசிறி போட முடியாது, கழுத்தில் ஈரத்துண்டு. அடுத்த வீட்டில் சுவர் துளைக்கும் வேலை என்றால் கான்கிரீட் வழியாக அதிர்வு வந்துவிடும், அன்று பதிவு இல்லை. விடியற்காலையில் குயில் விடாது. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் பெரும்பாலும் வேலை. ஒரு வசனத்தைக் கிழவன் குரலில் சொல்வதா, சாதாரணமாகவே வாசிப்பதா என்று அவளும் நானும் வாதாடிய இரவுகள் உண்டு. அவள் பக்கம்தான் பெரும்பாலும் நியாயம் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் திருப்தி அடையவே மாட்டாள். நூல் வெளிவந்த பிறகும் ஓர் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை என்று அந்தப் பத்தியை மறுபடி வாசித்துத் தருவாள். புதிய பத்தி பழையதைவிட நான்கு நொடி நீளம் என்று வைத்துக்கொள். நூலின் தொடக்கத்திலிருந்து எண்ணி இடத்தைச் சேமித்திருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருடைய அடையாளமும் நான்கு நொடி நகர்ந்துவிடும். இப்படிப் பத்துத் திருத்தம் வந்தால் என்ன ஆகும்? அதனால் எந்த அத்தியாயம், அதில் எத்தனையாவது நொடி, ஒலிப்பதிவின் எந்தப் பதிப்பு என்று மூன்றையும் சேர்த்தே எழுது. எந்த இடத்தில் எத்தனை நொடி கூடியது என்ற கணக்கை நான் ஒரு தாளில் வைத்திருக்கிறேன். அதை நிரல் படிக்கும்படி செய்வது உன் பொறுப்பு.

இரண்டு கருவிகளில் கேட்பவர்கள்தான் இன்னும் சரியாகத் தீராத பிரச்சினை. பாட்டி கைப்பேசியில் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறார். பேத்தி டேப்லட்டை எடுத்து அதே நூலின் தொடக்கத்தைக் கேட்கிறாள். கடைசியாக வந்ததே சரி என்றால் பாட்டி முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுவார். அதிக தூரம் போனதே சரி என்றால், பிடித்த நூலை இரண்டாம் முறை கேட்பவருக்குத் தொடக்கமே கிடைக்காது. டேப்லட்டின் கடிகாரம் தவறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் செயலி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு இடங்களையும் காட்டி, எது வேண்டும் என்று அவரையே கேள். மாமாவுக்கு இதில் உடன்பாடு இல்லை, திரையில் கேள்வி வந்தால் பெரியவர்கள் பயப்படுவார்கள் என்கிறார். நீ வந்து சொல்.

பார்வைத்திறன் குறைந்தவர்களை மறக்கவே கூடாது. பேசும் நூல் என்பதே அவர்களுக்காகப் பிறந்தது. பிரிட்டனில் 1935இல் அந்தச் சேவை தொடங்கியபோது முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனத்தில் வைத்துத்தான் தொடங்கினார்கள். ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும் இசைத்தட்டுகள் அவை. இன்று திரையை வாசித்துச் சொல்லும் வசதியை வைத்து நம் செயலியைப் பயன்படுத்துபவருக்கு, நூலின் நீளத்தைக் காட்டும் அந்தக் கோட்டில் விரல் தெரியாமல் பட்டால் கதை மூன்று மணி நேரம் தாவிவிடும். "முந்தைய இடத்துக்குத் திரும்பு" என்று ஒரு பொத்தான் எப்போதும் இருக்கட்டும், அதன் பெயரைத் திரை தமிழில் வாசிக்கட்டும். தூங்கும் நேரத்தில் கதை தானாக நிற்கும்படி வைக்கும் கணக்குக்கும் அதே பொத்தான் உதவும். அரை மணி நேரம் வைத்துவிட்டுப் படுத்தவர் எப்போது தூங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

இப்போது பதக்கம். தினமும் கேட்கத் தூண்டுவதால் நமக்கு என்ன வந்துவிடும்? நாம் மாதச் சந்தா வாங்குவதில்லை. நூலை விற்கிறோம். 10 வெள்ளிக்கு ஒரு நூல் போனால், நம்மைப் போன்ற சிறு நிறுவனங்களிடம் ஆப்பிளும் கூகளும் எடுப்பது 15 விழுக்காடு, அதாவது 1 வெள்ளி 50 காசு. மீதி 8 வெள்ளி 50 காசில் எழுத்தாளர், வாசிப்பவர், சேமிப்பகச் செலவு, ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் கட்டும் 99 அமெரிக்க டாலர் எல்லாம் போகத்தான் வீட்டுக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. இவ்வளவு சின்ன வட்டத்தில் ஒருவர் ஒரு நூலை முழுதாகக் கேட்டு முடித்தால்தான் அடுத்ததை வாங்குவார், அக்காளுக்கும் சொல்வார். ஒரு வாரம் கேட்காமல் விட்டவரைக் குற்றவாளியாக்கும் பதக்கம் எதற்கு? அவர் ஒரு மாதம் கழித்து வந்தாலும் "வாங்க, இங்கேதான் விட்டீங்க" என்று, அரை நிமிடம் முன்னாலிருந்து தொடங்கிக் கொடுத்தால் போதும்.

ஒப்பந்த விஷயத்திலும் இதே எண்ணம்தான். எழுத்தாளரிடம் ஒலி உரிமையைத் தனியாக எழுதி வாங்குகிறோம். உரிமக் காலம் முடிந்து நூலைக் கடையிலிருந்து எடுத்தாலும், ஏற்கெனவே வாங்கியவர் தொடர்ந்து கேட்கலாம் என்ற வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பாதிக் கதையில் யாரையும் இறக்கிவிட முடியாது. இன்னொன்றும் தெரிந்துகொள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வெளியே ஒருவருக்குக் காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்தாலும், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அந்தப் பதிவு செய்தவருக்கே சொந்தம். அது நல்ல சட்டம். உன் அம்மாவுக்கும் நாம் முறையாக ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், வீட்டு ஆள்தானே என்று விட்டுவிடவில்லை.

இயந்திரக் குரல் பற்றிய உன் யோசனையை உன் அம்மா இருக்கும்போது பேசுவோம். அவள் இல்லாமல் பேசுவது முறையல்ல.

திங்கட்கிழமை காலை பசியாறிவிட்டு வா. மேசையின் இரண்டாம் இழுப்பறையில் திரை கீறல் விழுந்த பழைய ஆண்ட்ராய்டு ஒன்று இருக்கிறது. உன் புதுக் கைப்பேசியில் சோதிப்பதற்கு முன், அதில் ஒரு நூலை ஓட விட்டு, அழைப்பு கொடுத்து, காதொலிக் கருவியைக் கழற்றி, மின்கலம் தீரும்வரை விட்டு, மறுபடி மின்னேற்றித் திறந்து பார். எந்த நொடியில் தொடங்குகிறது என்று எனக்கு எழுதிக் கொடு. புகார்களின் கட்டு என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை